பயமுறுத்திய கனவுக்கு அர்த்தம் காண்பது எப்படி? படிப்படியாக ஒரு முழு வழிகாட்டி

பல் விழுந்தால் வீட்டில் சாவு. பாம்பு துரத்தினால் சனி பிடிக்கப்போகிறது, கொத்திவிட்டால் சனி விட்டது. கல்யாணம் கண்டால் இழவு, இழவு கண்டால் கல்யாணம். இந்தப் பலன்களைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். நல்ல கனவு கண்டவர் பலன் தேடிப் போவதில்லை. நெஞ்சு படபடக்க எழுந்து, வியர்த்துப்போய், விடியும்வரை ஓடுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தவர்தான் காலையில் யாரையாவது பிடித்துக் கேட்கிறார். கிடைக்கும் பதிலோ பல நேரம் இருந்த பயத்தை இரட்டிப்பாக்கி அனுப்புகிறது.

பலன் பட்டியலில் நான் காணும் பெரிய குறை, கனவு கண்டது யார் என்று அது கேட்பதே இல்லை. ஒரு பெண்ணின் தலை மட்டும் கனவில் வந்து கண் திறந்து பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியூர்க்காரருக்கு அது கொலை. குடியாத்தத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு அது வைகாசி முதல் தேதி. கெங்கையம்மன் சிரசு மாலைகளுக்கு நடுவே ஊர்வலமாக வந்து கோபாலபுரம் கோயிலில் உடலோடு பொருத்தப்படுவதைச் சின்ன வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தவர் அவர். அந்த முகம் அவருக்குப் பயமாக இருக்கலாம், துணையாக இருக்கலாம், வெளியூர் வேலைக்குப் போனதிலிருந்து திருவிழாவுக்கு வர முடியாத ஏக்கமாகவும் இருக்கலாம். எது என்பதை அவர்தான் சொல்ல முடியும்.

மனதில் ஏற்கெனவே கனத்துக்கொண்டிருப்பதுதான் கனவில் உருவெடுக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். அதனால் அர்த்தத்தைக் கனவு கண்டவரைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கீழே இருப்பது அந்தக் கேள்விகளின் வரிசை. உங்களுக்கு நீங்களே கேட்டுக்கொள்ளலாம், வீட்டில் வேறொருவர் கனவு கண்டு கலங்கியிருந்தால் அவரை உட்காரவைத்தும் கேட்கலாம்.

தொடங்கும் முன்: தூக்கத்தில் என்ன நடக்கிறது

1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசரின்ஸ்கி, க்ளைட்மன் என்ற இருவர், தூங்குகிறவரின் மூடிய இமைக்குள் கண்கள் அவ்வப்போது வேகமாக ஓடுவதைப் பதிவு செய்தார்கள். அந்த நேரத்தில் எழுப்பிக் கேட்டால் பெரும்பாலானவர்கள் கனவு கண்டதாகச் சொன்னார்கள். இதைத்தான் ரெம் தூக்கம் என்கிறார்கள். ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு முறை இது வந்து போகும். முன்னிரவில் சில நிமிடங்களே நீடிக்கும், விடியற்காலையில் அரை மணி நேரத்துக்கு மேலும் போகும்.

அந்தச் சமயத்தில் மூளையில் பயத்தைக் கிளப்பும் பகுதி சுறுசுறுப்பாக இருக்கிறது. 'இது நடக்கிற காரியமா' என்று யோசிக்கும் முன்பகுதி அடங்கியிருக்கிறது. செத்துப்போன தாத்தா வேலூர் கோட்டை அகழியில் நடந்துவந்தாலும் கனவில் நாம் ஆச்சரியப்படுவதில்லை, ஆனால் உயிர்போகிற மாதிரி பயப்படுகிறோம். கனவின் பயம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய ஆபத்து வெளியில் இருக்கிறது என்று அர்த்தமில்லை.

விடியற்காலைக் கனவு பலிக்கும் என்ற நம்பிக்கை எப்படி வந்திருக்கும் என்பதும் இதில் புரிகிறது. முதல் ஜாமத்துக் கனவுக்கு ஒரு வருடம், கடைசி ஜாமத்துக் கனவுக்குப் பத்து நாள் என்று நம் பெரியவர்கள் கணக்கு சொல்வார்கள். விடியற்காலைக் கனவுதான் நீளமானது, தெளிவானது. அதிலிருந்து நேராக விழித்தும் விடுகிறோம். அதனால்தான் அத்தனை அழுத்தமாக நிற்கிறது.

படி 1: விழித்ததும் அசையாதீர்கள்

கண்ணைத் திறக்காமல், எந்தப் பக்கம் படுத்திருந்தீர்களோ அதே பக்கம் இருங்கள். போனைத் தொடவே கூடாது. மணி பார்க்கப் போய் வாட்ஸ்அப் பார்த்தால் பாதிக் கனவு போய்விடும். கடைசிக் காட்சியைப் பிடித்துக்கொண்டு, அதற்கு முன்னால் என்ன, அதற்கும் முன்னால் என்ன என்று பின்னோக்கிப் போங்கள்.

ரொம்பப் பயந்திருந்தால் இதையெல்லாம் விட்டுவிடுங்கள். விளக்கைப் போட்டு, தண்ணீர் குடித்து, காலைத் தரையில் ஊன்றி உட்காருங்கள். அர்த்தம் காலையில் பார்த்துக்கொள்ளலாம். நடுராத்திரியில் கனவை ஆராய்வது நல்லதல்ல. அந்த நேரத்தில் தோன்றும் அர்த்தமெல்லாம் கெட்ட அர்த்தமாகத்தான் இருக்கும்.

படி 2: கண்டதை மட்டும் எழுதுங்கள்

ஒரு பழைய நோட்டு போதும். தேதி, தூங்கப் போன நேரம், விழித்த நேரம், அப்புறம் கனவு. 'ஓடுகிறேன், நிற்கிறார், கேட்கிறார்' என்று நடந்துகொண்டிருப்பது போலவே எழுதுங்கள். நீங்கள் பேசும் பேச்சிலேயே எழுதுங்கள், இலக்கணம் வேண்டாம். விளக்கமும் வேண்டாம். 'கெட்ட சகுனமாக ஒரு நாய் வந்தது' என்று எழுதினால் விளக்கத்தை அப்போதே உள்ளே நுழைத்துவிட்டீர்கள். 'ஒரு கறுப்பு நாய் வந்தது, என்னைப் பார்க்கவில்லை' என்று எழுதுங்கள்.

ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் தையல் பிரிவில் வேலை செய்யும் ஓர் அக்கா, தன் கனவை இங்கே சொல்ல ஒப்புக்கொண்டார். அவர் எழுதிக் கொடுத்தது இது:

"ஆத்துல வெறும் மணல்தான் கீது. எங்கப்பா முட்டி ஆழத்துக்கு ஊத்து தோண்டி உள்ள நின்னுக்கினு கீறாரு. சொம்பால தண்ணி மொண்டு மொண்டு மேல ஊத்துறாரு. தண்ணி காப்பி கலர்ல கீது. என்னை நிமிர்ந்து பாக்கல. 'குடம் எங்க?'ன்னு கேட்டாரு. என் கையில குடம் இல்ல. சுத்தி எல்லார் கையிலயும் கீது. பதில் சொல்லலாம்னு வாயைத் தொறந்தா பல்லெல்லாம் பொலபொலன்னு கையில கொட்டுது. அலாரம் அடிச்சிடுச்சி."

அப்பா இறந்து சில வருடங்கள் ஆகின்றன. கேட்டவர்கள் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறார்கள். செத்தவர் குடம் கேட்கிறார், குடம் என்றால் சுடுகாட்டில் உடைக்கிற குடம், பல்லும் விழுந்திருக்கிறது, வீட்டில் ஒரு உயிர் போகும் என்று. மகனை வண்டியில் வெளியே அனுப்பவே அந்த அக்கா பயந்துகொண்டிருந்தார். ஒரு கனவு இந்த அளவுக்கு ஆட்டிவைக்கும்போது 'அதெல்லாம் ஒன்றுமில்லை, போ' என்று சொல்வதும் உதவாது. உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

படி 3: முதலில் உடம்பை விசாரியுங்கள்

அர்த்தம் தேடும் முன், உடம்பு அந்தக் கனவுக்கு என்ன கொடுத்தது என்று பாருங்கள். தூங்கும்போது உடம்பில் ஏற்படும் உணர்வுகளைக் கனவு இழுத்துத் தன் கதைக்குள் வைத்துக்கொள்ளும்.

பல் கனவு கண்டவர்கள் காலையில் தாடையை அழுத்திப் பாருங்கள். வலியோ இறுக்கமோ இருக்கிறதா? பல் விழும் கனவு அடிக்கடி காண்பவர்களுக்கு, விழிக்கும்போது பல்லிலும் ஈறிலும் தாடையிலும் இறுக்கம் கூடுதலாக இருந்ததாக 2018இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. நம் அக்காவைக் கேட்டேன். "தூக்கத்துல நறநறன்னு பல்லைக் கடிக்கிறேன்னு வீட்டுக்காரர் சொல்றாரு தம்பி" என்றார். பல் விழுந்ததில் ஒரு பங்கு அங்கே கிடைத்துவிட்டது. பல் டாக்டரையும் பார்க்கச் சொன்னேன்.

மூழ்குவது, கழுத்தை நெரிப்பது, மூச்சு முட்டுவது போன்ற கனவுகள் அடிக்கடி வந்து, சத்தமாகக் குறட்டையும் விட்டு, பகலில் தூங்கி வழிகிறவராக இருந்தால், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று மருத்துவரிடம் பார்க்க வேண்டும்.

காய்ச்சலில் வரும் கனவு விநோதமாக இருக்கும், அதற்கு அர்த்தம் தேடவே வேண்டாம். கத்திரி வெயில் காலத்தில் வேலூர் வீடுகளில் ராத்திரியும் சுவர் அனல் அடிக்கும், கரண்டும் போனால் தூக்கம் துண்டு துண்டாகிவிடும். எத்தனை முறை விழிக்கிறோமோ அத்தனை கனவு நினைவில் நிற்கும். ராத்திரி பதினொரு மணிக்குப் பிரியாணி சாப்பிட்டுப் படுத்தாலும் இதே கதைதான். பிரியாணி கனவை உண்டாக்குவதில்லை. நெஞ்செரிச்சல் எழுப்பிவிடுகிறது, எழுந்ததால் கனவு நினைவிருக்கிறது.

மாத்திரைகளையும் பாருங்கள். ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் தரும் ப்ரோப்ரனலால், மெட்டோப்ரோலால் போன்றவை, மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள், ஆஸ்துமாவுக்கும் அலர்ஜிக்கும் தரும் மான்டெலுகாஸ்ட், இவை சிலருக்குத் தெளிவான, பயங்கரமான கனவுகளைத் தரும். புது மாத்திரை தொடங்கிய பிறகு கனவு தொடங்கியிருந்தால் எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். குடிப்பழக்கம் உள்ளவர் திடீரென்று நிறுத்தினாலும் கொடுங்கனவுகள் கூட்டமாக வரும். மது அமுக்கிவைத்திருந்த ரெம் தூக்கம் மொத்தமாகத் திரும்பி வருவதுதான் காரணம். கை நடுக்கம், வியர்வை, குழப்பம் சேர்ந்து வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

'பேய் அமுக்குது' என்பதும் இந்த இடத்தில்தான் வருகிறது. விழிப்பு வந்துவிட்டது, கை கால் அசையவில்லை, நெஞ்சின்மேல் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள், அறையில் நிழல் நிற்கிறது. கனவில் ஓடுவதை நிஜமாகவே ஓடிவிடாதபடி ரெம் தூக்கத்தில் மூளை தசைகளைக் கட்டிவைக்கிறது. சில சமயம் அந்தக் கட்டு அவிழும் முன்பே விழிப்பு வந்துவிடுகிறது. சில நொடிகளிலிருந்து சில நிமிடங்களுக்குள் விட்டுவிடும். மல்லாந்து படுப்பவர்களுக்கும் தூக்கம் கெட்டவர்களுக்கும், ஷிப்ட் மாறி மாறி வேலை பார்ப்பவர்களுக்கும் அதிகம் வரும். ஒருக்களித்துப் படுங்கள். வரும்போது கால் கட்டைவிரலை மட்டும் அசைக்க முயலுங்கள்.

படி 4: கனவுக்குள் என்ன உணர்ச்சி?

எல்லாப் படிகளிலும் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். எழுந்த பிறகு வந்த உணர்ச்சி வேறு, கனவுக்குள் இருந்த உணர்ச்சி வேறு. எழுந்தபின் எல்லோருக்கும் பயம்தான். உள்ளே அது வெட்கமாக இருந்திருக்கலாம், கோபமாக, அவசரமாக, ஏன், சந்தோஷமாகக்கூட இருந்திருக்கலாம்.

அக்காவிடம் கேட்டேன்: "கனவுல பயமா இருந்திச்சா அக்கா?"

கொஞ்சம் யோசித்தார். "எழுந்தப்புறம்தான் பயம். உள்ள வெக்கமா இருந்திச்சி. எல்லாரும் எடுத்துக்கினு வந்துகீறாங்க, நான் மட்டும் வெறுங்கையோட வந்துட்டேனேன்னு."

இந்த ஒரு பதிலில் சாவு என்ற அர்த்தம் ஆட்டம் கண்டுவிட்டது. சாவைப் பற்றிய கனவாக இருந்தால் அங்கே துக்கமோ திகிலோ இருந்திருக்கும். இருந்தது வெறுங்கையோடு நின்ற வெட்கம்.

உணர்ச்சியை ஒரே வார்த்தையில் எழுதுங்கள். 'பயம்' என்று மட்டும் வந்தால் இன்னொரு கேள்வி: எதற்குப் பயம்? மாட்டிக்கொள்வோம் என்றா, தனியாக விட்டுவிடுவார்கள் என்றா, கைமீறிப் போய்விட்டது என்றா? பிறகு, இதே உணர்ச்சி சமீபத்தில் பகலில் எப்போது வந்தது என்று கேளுங்கள்.

படி 5: ஒரு வாரத்தைப் புரட்டுங்கள்

நேற்று நடந்ததும் முந்தாநாள் நடந்ததும் கனவில் வருவது எல்லோருக்கும் தெரியும். ஐந்திலிருந்து ஏழு நாள் முன்பு நடந்ததும் மறுபடி தலைகாட்டும் என்று கனவு ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அதனால் நேற்றோடு நிறுத்தாமல் ஒரு முழு வாரத்தையும் பாருங்கள். யார் போன் செய்தார்கள், யாருக்குப் பதில் சொல்லாமல் விட்டீர்கள், எந்தப் பேச்சைப் பாதியில் மாற்றினீர்கள், எந்தக் கடன் தவணை வருகிறது. பெரிய சண்டைகளைவிட, 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று தள்ளிவைத்த சின்ன விஷயங்களில்தான் கனவுக்கு ஈடுபாடு அதிகம் என்பது என் அனுபவம்.

அக்காவுக்கு முதலில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன் என்றார். கனவு கண்டது சனிக்கிழமை விடியற்காலை. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று நாளாகப் பின்னால் போனபோதுதான் வந்தது. கூடப்பிறந்த தம்பி வந்திருந்தார். அப்பாவின் நிலத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட ரெஜிஸ்டர் ஆபீஸுக்கு வரச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அக்கா "சரி, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்காரரிடம்கூட அதைச் சொல்லவில்லை.

பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குச் சம பங்கு என்று தமிழ்நாடு 1989லேயே சட்டம் கொண்டுவந்தது, 2005இல் அது நாடு முழுக்க வந்தது. அக்காவுக்கும் இது தெரியும். கூடப்பிறந்தவனிடம் வாய் திறந்து கேட்பதுதான் வரவில்லை.

படி 6: ஒவ்வொன்றையும் கேளுங்கள்

கனவில் வந்த ஆட்கள், பொருட்கள், இடங்களை நோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில், அதைச் சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது என்று எழுதுங்கள். 1900ஆம் ஆண்டு தேதியிட்டுக் கனவு விளக்க நூல் எழுதிய ஃப்ராய்டின் முடிவுகள் பலவற்றை இன்று யாரும் அப்படியே ஏற்பதில்லை. ஆனால், கனவு கண்டவர் மனதில் வரிசையாக வருவதைத் தடுக்காமல் சொல்லவிடுவது என்ற அவர் வழி இன்னும் உபயோகமாகத்தான் இருக்கிறது.

உதவி செய்கிறவர் இங்கே வாயை அடக்க வேண்டும். 'குடம்னா கர்ப்பம்', 'குடம்னா மங்களம்' என்று நீங்கள் எடுத்துக்கொடுத்தால் எல்லாம் கெட்டுவிடும்.

"குடம்னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வருது?" என்று மட்டும் கேட்டேன்.

"சின்னப்புள்ளையில பாலாத்துல ஊத்துக்குப் போவோம். அப்பா உள்ள இறங்கி மொண்டு ஊத்துவாரு. ஆளுக்கு ஒரு குடம். அவங்கவங்க குடத்தை அவங்கவங்கதான் தூக்கணும். எனக்குச் சின்னக் குடம், ஆனா எனக்குன்னு ஒண்ணு இருந்திச்சி."

சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவரே கேட்டார்: "உன் பங்கு எங்கன்னு கேக்குறாரா தம்பி?"

பதில் சொல்ல வாயைத் திறந்ததும் பல் கொட்டியதையும் அவரே இதோடு சேர்த்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமையும் வாய் திறக்க முடியவில்லையே என்று. பல்லைக் கடிக்கும் உடம்பின் பங்கும் இதில் இருக்கிறது, பேச முடியாத மனதின் பங்கும் இருக்கிறது. இரண்டும் ஒரே காட்சியில் சேர்ந்திருப்பதில் முரண்பாடு ஒன்றும் இல்லை.

தண்ணீர் ஏன் காப்பி நிறம்? கேட்டேன். "அங்க தோல் ஷாப்பு தண்ணி கலந்து அப்படித்தான் இருக்கும்" என்றார், சாதாரணமாக. அதை அப்படியே விட்டுவிட்டோம். கனவில் வரும் எல்லாவற்றுக்கும் அர்த்தம் இருக்க வேண்டியதில்லை. நினைவிலிருந்து இடம் வரும்போது அதன் நிறமும் கூடவே வந்துவிடுகிறது.

இறந்தவர்களைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. செத்தவர் கனவில் வந்து கூப்பிட்டால் கூடவே கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்ற பயம் நம் ஊரில் பலமாக இருக்கிறது. அருகில் இருந்தவரை இழந்த பலருக்கும் அவர் கனவில் வருவார். முதல் வருடத்திலும், திதி நெருங்கும்போதும், வீட்டில் கல்யாணம், கிரகப்பிரவேசம் நடக்கும்போதும் இன்னும் அதிகமாக வருவார். சோறு கேட்டார் என்றால் அமாவாசையில் படையல் போட்டுக் காக்கைக்கு வையுங்கள். துக்கத்துக்கு ஒரு வேலை கொடுக்கும் நல்ல வழக்கம் அது. மரண அறிவிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

படி 7: கிடைத்த அர்த்தத்தைச் சோதியுங்கள்

'இந்தக் கனவில் நான் ... என்று உணர்கிறேன், அது ... விஷயத்தோடு சேர்ந்தது' என்று ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். அக்காவின் வாக்கியம்: "எனக்குன்னு இருக்கிறதை எடுக்காம வெறுங்கையோட நிக்கிறேன், தம்பி கேட்ட கையெழுத்துதான் அது."

சரியான அர்த்தம் கிடைத்தால் உள்ளே ஏதோ இளகும். அழுகைகூட வரலாம், ஆனால் திகில் குறையும். உங்கள் வாழ்க்கையில் ஏற்கெனவே இருக்கும் ஒன்றைத்தான் அது காட்டும். பகலில் நீங்கள் செய்யக்கூடிய ஒரு சின்ன காரியமும் அதில் தெரியும். அக்கா அன்று ராத்திரியே வீட்டுக்காரரிடம் பேசினார். தம்பிக்குப் போன் செய்து, "உக்காந்து பேசிட்டு அப்புறம் கையெழுத்து போடுறேன்" என்றார். அந்த விஷயம் இன்னும் முடியவில்லை. கனவின் அர்த்தத்துக்கு அது முடிய வேண்டும் என்பதும் இல்லை.

எந்த அர்த்தத்தைத் தள்ள வேண்டும் என்பதில் நான் கறாராக இருக்கிறேன். இன்னார் சாகப்போகிறார் என்று சொல்வதைத் தள்ளுங்கள். மருமகள்தான் வைத்துவிட்டாள், பக்கத்து வீட்டுக்காரன்தான் செய்துவிட்டான் என்று ஆள் காட்டுவதைத் தள்ளுங்கள். புருஷன் வேறு பெண்ணோடு இருந்ததாகக் கனவு கண்டால், அது உங்கள் மனதில் இருக்கும் கலக்கத்தைத்தான் காட்டும், அவர் மேல் சாட்சி ஆகாது. கனவை வைத்து யாரையும் குற்றவாளியாக்காதீர்கள். நிறையக் குடும்பங்கள் இதில் உடைந்திருக்கின்றன. கனவைக் கேட்டவுடன் ஆயிரக்கணக்கில் பரிகாரச் செலவு சொல்கிறவரிடமிருந்தும் எழுந்து வந்துவிடுங்கள்.

'ஆனால் பலித்ததே' என்றால்

கண்ணகியின் கனவைச் சொல்வார்கள். சிலப்பதிகாரத்தில் அவள் தோழி தேவந்தியிடம் சொன்ன கனவில் கோவலன்மேல் பொய்ப்பழி விழுந்தது, மதுரையில் அப்படியே நடந்தது. அது காவியம், வரப்போவதை முன்கூட்டி உணர்த்தக் கவிஞர் வைத்த கனவு. ஆனால் அவள் நிலையையும் பாருங்கள். புருஷன் பிரிந்து போயிருக்கிறான். அப்படிப்பட்ட பெண் அவனுக்கு ஏதோ ஆகிறது என்று கனவு காண்பதற்கு எதிர்காலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

நம் வாழ்க்கையில், ஒரு ராத்திரிக்கு நாலைந்து முறை கனவுத் தூக்கம் வருகிறது. வேலூர் மாவட்டத்தில் மட்டும் 15 லட்சம் பேருக்கு மேல் இருக்கிறோம். தினமும் யாரோ ஒருவரின் கனவு எதனோடாவது ஒத்துப்போகத்தான் செய்யும். ஒத்துப்போனதை வருடக்கணக்கில் பேசுகிறோம், மற்றதை மதியத்துக்குள் மறந்துவிடுகிறோம். சந்தேகம் இருந்தால் நோட்டில் தேதி போட்டு எழுதிவைத்து மூன்று மாதம் கழித்து எடுத்துப் பாருங்கள்.

சடங்குகள், சாமி, யாரிடம் சொல்வது

திருநீறு பூசிக்கொண்டு படுப்பது, தலைமாட்டில் இரும்பு வைப்பது, வேப்பிலை செருகுவது, இவற்றால் மனம் அமைதியாகிறது என்றால் செய்யுங்கள், தூக்கம் வரும். மேல்விஷாரம், வாணியம்பாடி பக்கத்து முஸ்லிம் வீடுகளில் கெட்ட கனவு கண்டால் இடப்பக்கம் மூன்று முறை லேசாக உமிழ்ந்து, இறைவனிடம் பாதுகாப்புத் தேடி, மறுபக்கம் திரும்பிப் படுப்பார்கள், கனவை யாரிடமும் சொல்லமாட்டார்கள். அந்த வழக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்தது கடைசிப் பகுதி. பார்ப்பவர் எல்லோரிடமும் சொல்லி, கண்ட கண்ட பலன்களைச் சேர்த்துக்கொள்வதுதான் பயத்தை வளர்க்கிறது. சொன்னால், உங்களைப் பயமுறுத்தாத ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள்.

சோளிங்கரில் தக்கான்குளத்தில் குளித்து யோக ஆஞ்சநேயரைக் கும்பிட்டால் மனக்கோளாறு நீங்கும் என்று தலைமுறைகளாக மக்கள் போகிறார்கள். போய்வாருங்கள். டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தால் அதையும் பையில் எடுத்துக்கொண்டு, வேளை தவறாமல் போட்டுக்கொண்டே போய்வாருங்கள்.

அதே கனவு திரும்பத் திரும்ப வந்தால்

அர்த்தம் தெரிந்தும் சில கனவுகள் விடாது. அதற்குப் பகலில் செய்யும் ஒரு பயிற்சி உண்டு, கொடுங்கனவுக்கான சிகிச்சையாக மனநல மருத்துவர்கள் கற்றுத்தருவது. கனவை எழுதுங்கள். பிறகு அதில் உங்களுக்குப் பிடித்தபடி எதையாவது மாற்றுங்கள். முடிவை மாற்றலாம், நடுவில் ஒரு ஆளை வரவழைக்கலாம், துரத்தும் நாயைச் சின்னக் குட்டியாக்கலாம். மாற்றிய கனவைத் தினமும் பத்து இருபது நிமிடம், விழித்திருக்கும்போது, கண்மூடி மனதில் ஓட்டுங்கள். பழைய கனவை ஓட்ட வேண்டாம், புதியதை மட்டும். சில வாரங்கள் விடாமல் செய்தால் பலருக்குக் கனவின் வேகமும் எண்ணிக்கையும் குறைகிறது. ரொம்பக் கொடுமையான கனவோடு தொடங்காதீர்கள், நடுத்தரமான ஒன்றை எடுத்துப் பழகுங்கள்.

குழந்தைகள் ராத்திரி அலறுவதில் இரண்டு வகை. தூங்கிய ஓரிரண்டு மணி நேரத்தில் அலறி, கண் திறந்திருந்தும் உங்களை அடையாளம் தெரியாமல், காலையில் ஒன்றும் நினைவில்லை என்றால் அது கனவே அல்ல, ஆழ்ந்த தூக்கத்தில் வரும் திகில். உலுக்கி எழுப்பாமல், விழுந்து அடிபடாதபடி பக்கத்தில் இருங்கள். பின்னிரவில் விழித்து அழுதுகொண்டே கனவைச் சொன்னால், அணைத்துக்கொண்டு கேளுங்கள். மறுநாள் அதை வரையச் சொல்லலாம்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

நெடுஞ்சாலையில் கண்ட விபத்து, தீ, வெள்ளம், அடி உதை, பாலியல் கொடுமை போன்ற ஒன்று நடந்தபடியே கனவில் திரும்பி வந்து, பகலிலும் திடுக்கிடல் இருந்தால், அர்த்தம் தேடிக்கொண்டிருக்காமல் நேராக மனநல மருத்துவரிடம் போங்கள். வாரத்துக்குப் பல முறை கொடுங்கனவு வந்து தூங்கவே பயமாக இருந்தாலும் அப்படித்தான். ஐம்பது வயதைத் தாண்டியவர், முக்கியமாக ஆண்கள், தூக்கத்தில் கனவை நடித்துக் காட்டுவது போல் கத்தி, உதைத்து, பக்கத்தில் படுத்தவரை அடித்து, கட்டிலிலிருந்து விழுந்தால், நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ரெம் தூக்கத்தில் தசைகளைக் கட்டிவைக்கும் ஏற்பாடு பழுதாகும்போது இப்படி நடக்கிறது. பின்னாளில் பார்க்கின்சன் நோய் வருவதற்கான முன்னறிகுறியாகவும் இது இருக்கலாம்.

வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் 1950களிலிருந்தே இருக்கிறது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பார்க்கலாம். போக முடியாதவர்கள், அல்லது கனவோடு சேர்ந்து சாக வேண்டும் என்ற எண்ணமும் வருகிறவர்கள், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம். இலவசம், தமிழில் பேசலாம். போகும்போது நோட்டையும், சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துப்போங்கள், முடிந்தால் ராத்திரி பக்கத்தில் படுப்பவரையும் கூட்டிப்போங்கள். தூக்கத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டால் அவரால்தான் சொல்ல முடியும்.